பர்மா மன்னர் பட்டியல்: அண்ணன், பெரியப்பா, தாத்தா… அடுத்த ராஜா யார்?

கணக்குப்பிள்ளை

வணக்கம். ஒரு சின்ன வேலையில் இறங்கி மாட்டிக்கொண்டேன். ஆசிய அரச வம்சங்களுக்கு வம்சாவளி வரைவது என் பொழுதுபோக்கு. சார்ட் பேப்பர், ஸ்கேல், மூன்று நிறப் பேனா, அவ்வளவுதான் செலவு. இந்தத் தடவை பர்மாவின் கடைசி வம்சமான கொன்பவுங்கை எடுத்தேன். 1752 முதல் 1885 வரை, 133 வருஷம், 11 மன்னர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மூன்று ஞாயிறு போய்விட்டது.

அப்பாவுக்குக் கீழே மகன் என்று கோடு இழுத்துப் பழகிய கைக்கு இது ஒத்துவரவில்லை. கோடு பக்கவாட்டில் ஓடுகிறது, மேலே ஏறுகிறது, ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதிக்கிறது. அரியணை கைமாறியது பத்து தடவை. மகனுக்குப் போனது 4, தம்பிக்கு 3, பெரியப்பா மகனுக்கு 1, சித்தப்பாவுக்கு 1, பேரனுக்கு 1.

அடுத்த ராஜா யார் என்பதற்கு அங்கே விதி என்று ஏதாவது இருந்ததா? தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியம்.

பச்சைமிளகாய்

இருந்தது. காலையில் எழுந்து பார்க்கும்போது யார் உயிரோடு இருக்கிறாரோ அவர்தான் ராஜா.

ஆற்றங்கரை

மிளகாய் சொன்னது முழுப் பொய்யில்லை, ஆனால் அது மட்டும் இல்லை.

பிள்ளைவாள், முதலில் உங்கள் கணக்கில் ஒரு திருத்தம். தம்பிக்கு 3 என்பது சரியில்லை. பகான் மின் பிறந்தது 1811, அவரை இறக்கிவிட்டு வந்த மின்டொன் பிறந்தது 1808. வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன். எனவே தம்பிக்கு 2, அண்ணனுக்கு 1.

இரண்டாவது, நீங்கள் வரைவதற்கு முன்னால் பெயர்களைக் கொஞ்சம் உடைத்துப் பார்த்திருக்கலாம். பர்மிய ராஜாக்களின் பெயர் என்று நாம் படிப்பதில் பாதி பெயரே இல்லை. நவுங்டாஜி: 'நவுங்' என்றால் அண்ணன், 'டா' அரச மரியாதைக்குச் சேர்ப்பது, 'ஜி' என்றால் பெரிய. போடாபயா: 'போ' என்றால் தாத்தா. பாஜிடா: 'பா' அப்பா, 'ஜி' பெரிய. அதாவது நம்ம பெரியப்பாதான், அச்சு அசலாக!

இதெல்லாம் அவர்கள் பட்டம் கட்டிக்கொண்ட பெயர்கள் அல்ல. பின்னால் வந்தவர்கள் அவர்களைக் குறிப்பிட்ட முறை. நவுங்டாஜிக்குப் பின் வந்தது தம்பி, அவருக்கு இவர் அண்ணன். போடாபயாவுக்குப் பின் பேரன், அவருக்கு இவர் தாத்தா. பாஜிடாவை இறக்கியது தம்பி தாராவடி. அந்தத் தாராவடியின் மகன்கள்தான் அடுத்தடுத்து ஆண்ட பகான் மின்னும் மின்டொன்னும். அவர்களுக்கு பாஜிடா பெரியப்பா. அந்தப் பெயரே சரித்திரத்தில் நின்றுவிட்டது.

மற்ற பாதிப் பெயர்கள் ஊர்ப் பெயர்கள். ஓர் இளவரசனுக்கு ஓர் ஊரின் வருமானத்தைக் கொடுப்பார்கள். அவன் அந்த ஊரின் 'மியோசா'. மியோ என்றால் ஊர், சா என்றால் தின்பது. ஊரைத் தின்பவன். மின்டொன், தாராவடி, சிங்கு எல்லாம் அப்படித் தின்ன ஊர்கள். கடைசி மன்னர் தீபாவின் பெயரும் ஷான் பகுதியில் உள்ள சிபா என்ற ஊரிலிருந்து வந்ததுதான்.

ஆக, உங்கள் சார்ட்டில் மேலிருந்து கீழே எழுதியிருக்கும் பெயர்களைத் தமிழில் வாசித்தால் அண்ணன், சிங்கு ஊர்க்காரர், தாத்தா, பெரியப்பா, மின்டொன் ஊர்க்காரர், சிபா ஊர்க்காரர். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும்.

கணக்குப்பிள்ளை

ஐயா, இது தெரியாமல் மூன்று வாரம் 'பாஜிடா' என்ற பெயரை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தேன்! பெரியப்பா என்று தெரிந்ததும் மனுஷர் பக்கத்து வீட்டுக்காரர் ஆகிவிட்டார். தம்பி என்பதை வெட்டி அண்ணன் என்று மாற்றிவிட்டேன்.

சரி, அண்ணனுக்குப் பின் தம்பி என்பதுதான் விதியா? அப்படியானால் இடையில் சிங்கு எப்படி வந்தார்? அவர் மகன் ஆயிற்றே.

ஆற்றங்கரை

அந்தக் குழப்பத்தின் வேர் ஒரு மரண வாக்குமூலம். வம்சத்தைத் தொடங்கிய அலவுங்பயா மொக்சோபோ என்ற ஊரின் தலைவர். ராஜ குடும்பமே இல்லை. 1752-இல் தெற்கத்தி மோன் இனத்தாரின் படை தலைநகர் ஆவாவைப் பிடித்து பழைய தவுங்கூ வம்சத்தை முடித்தபோது, இவர் தன் ஊரைச் சுற்றி வேலி கட்டி எதிர்த்து நின்றார். எட்டே வருஷத்தில் நாடு முழுவதும் அவர் கையில். 1760-இல் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) திரும்பும் வழியில் செத்துக்கொண்டிருக்கும்போது, பட்டத்தரசிக்குப் பிறந்த என் மகன்கள் மூப்பு வரிசையில் ஒருவர் பின் ஒருவராக ஆள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேட்க நன்றாக இருக்கிறது. மூத்தவர் நவுங்டாஜி ஏறினார். அவர் ஏறும்போதே அடுத்தவர் முந்திக்கொள்ளப் பார்த்தார், அம்மா குறுக்கே நின்று மன்னிப்பு வாங்கிக் கொடுத்தார். மூன்று வருஷத்தில் அண்ணன் செத்தார். அப்புறம் அந்தத் தம்பியே, சின்பியுஷின் என்ற பெயரில், முறைப்படி ராஜா ஆனார். சயாமின் தலைநகர் அயுத்தயாவை 1767-இல் அழித்தவர் இவர்தான்.

சிக்கல் இங்கே. சின்பியுஷினுக்கு இன்னும் தம்பிகள் இருந்தார்கள். அப்பா சொன்னபடி பார்த்தால் அவர்களில் மூத்தவருக்குப் போக வேண்டும். ஆனால் 1776-இல் அரியணை அவருடைய மகன் சிங்குவுக்குப் போனது. தான் தம்பியாக இருந்தபோது அந்த விதியால் ராஜா ஆனவர், அப்பா ஆனதும் அதை ஓரம் கட்டிவிட்டார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன்.

சிங்குவுக்குத் தன் சித்தப்பாக்கள் யார் என்பது நன்றாகவே தெரியும். ஒருவரைக் கொன்றார். இன்னொருவரான படோன் இளவரசரைக் கண்காணிப்பில் வைத்தார். பிப்ரவரி 1782-இல் சிங்கு ஆற்றுத் தீவில் உள்ள பகோடாவுக்கு யாத்திரை போன சமயம், பவுங்கா என்கிற பதினெட்டு வயதுப் பையன் அரண்மனைக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டான். அவன் நவுங்டாஜியின் மகன். மூத்தவரின் மகன் நான் இருக்கும்போது நீ யார் என்பது அவன் வாதம். ஏழு நாள் ஆண்டான். எட்டாவது நாள் படோன் இளவரசர் வந்து பையனையும் சிங்குவையும் தீர்த்துவிட்டு 37 வருஷம் ஆண்டார். அவர்தான் தாத்தா, போடாபயா.

வேடிக்கை என்னவென்றால் அலவுங்பயாவின் சொல்லை வைத்துப் பார்த்தால் போடாபயா செய்தது சரி. அவர் முறை வந்துவிட்டது. கொலை செய்து முறையை நிலைநாட்டினார். பிறகு தன் மூத்த மகனை இளவரசாக்கி, மகன் 1808-இல் செத்ததும் பேரனை நியமித்து, அவரும் அப்பா சொல்லைக் குழிதோண்டிப் புதைத்தார்.

பச்சைமிளகாய்

ஏழு நாள் ராஜாவுக்கு சார்ட்டில் கட்டம் உண்டா பிள்ளைவாள்?

கணக்குப்பிள்ளை

உண்டு. அவருக்கும் அதே அளவுக் கட்டம். உள்ளே எழுதத்தான் ஒன்றும் இல்லை.

ரயில்பூச்சி

கொன்பவுங்கை விட்டுவிட்டு அதற்குப் பல நூற்றாண்டு முந்தைய பகான் வம்சத்துக்கு வாருங்கள், அங்கே ராஜா தேர்வு இன்னும் சுவாரசியம். நான் அவர்களின் பழைய தலைநகர் பகானுக்குப் போயிருந்தபோது திலோமின்லோ கோயிலில் ஒரு குதிரைவண்டிக்காரர் கதை சொன்னார். நரபதிசித்து மன்னருக்கு ஐந்து மகன்கள். யாருக்குப் பட்டம் என்று முடிவு செய்ய முடியவில்லை. ஐந்து பேரையும் வட்டமாக உட்கார வைத்து நடுவில் வெண்கொற்றக் குடையை நட்டாராம். குடை யார் பக்கம் சாய்கிறதோ அவர் ராஜா. கடைக்குட்டி பக்கம் சாய்ந்தது. அவன்தான் 1211-இல் பட்டத்துக்கு வந்தவன். 'தி' என்றால் குடை, 'லோ' என்றால் விரும்ப, 'மின்' என்றால் ராஜா. குடை விரும்பியது, ராஜாவும் விரும்பினார், அதுதான் பெயராம்.

இதைச் சொல்லும்போது அவர் தன் கிழிந்த குடையை மண்ணில் ஊன்றிக் கையை எடுத்தார். அது என் பக்கம் விழுந்தது. சிரித்துக்கொண்டே வண்டிக் கூலியை ஏற்றிவிட்டார். ராஜாவுக்கு ராஜா கூலியாம்.

சந்தேகராமன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கதை நன்றாக இருக்கிறது, நடந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'திலோமின்லோ' என்பது பாலியில் 'திலோகமங்கல' என்ற சொல் பர்மிய வாயில் தேய்ந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. திரிலோக மங்கலம். தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறது பாருங்கள். தேய்ந்த சொல்லுக்கு அர்த்தம் தேடி, அதற்கு ஒரு குடைக் கதை பின்னால் பிறந்திருக்கலாம்.

இந்தக் கதைகளையெல்லாம் தொகுத்த 'ஹ்மன்னான் யாசவின்' என்ற அரண்மனை வரலாறு 1829-இல் தொடங்கி எழுதப்பட்டது. எழுதச் சொன்னவர் உங்கள் பெரியப்பா பாஜிடா. குடை சாய்ந்ததாகச் சொல்வதற்கும் எழுதியதற்கும் நடுவில் 600 வருஷம். பண்டிதர்கள் குழுவை ஒரு ராஜா உட்கார வைத்து எழுதச் சொன்னால், அதில் பட்டம் எப்படி வந்ததாக எழுதுவார்கள்?

ஆற்றங்கரை

ராமன் சொல்வது சரி. ஆனால் இட்டுக்கட்டியது என்பதால் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. அந்த நூலில் குடைக்கு முன்னால் ஒரு விரல் கதை வரும். நரபதிசித்துவின் விரலில் நகச்சுற்று வந்து துடிக்கிறார். தோட்டக்காரர் மகளாக இருந்து அந்தப்புரம் வந்த சின்ன ராணி, அவர் தூங்கட்டும் என்று விரலை வாயில் வைத்துக்கொண்டே இருக்கிறாள். இரவில் அது உடைகிறது. அவரை எழுப்ப மனமில்லாமல் சீழை விழுங்கிவிடுகிறாள். அவள் மகனுக்குப் பட்டம் தருவதாக ராஜா வாக்குக் கொடுக்கிறார். தேர்ச்சக்கரத்தில் விரலைக் கொடுத்த கைகேயி ஞாபகத்துக்கு வரவில்லையா? கடைக்குட்டி, அதுவும் சின்ன ராணியின் மகன், அண்ணன்மாரைத் தாண்டி வந்ததற்கு ஒரு கதை போதாமல் இரண்டு கதை தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு அந்தத் தேவைதான் முக்கியமாகத் தெரிகிறது.

இன்னும் மேலே போனால் வெள்ளரிக்காய்க்காரர். பத்தாம் நூற்றாண்டில் தெய்ன்கோ என்ற ராஜா வேட்டைக்குப் போய்ப் பசியில் ஒரு தோட்டத்து வெள்ளரிக்காயைப் பறித்துத் தின்றார். தோட்டக்காரர் ராஜா என்று தெரியாமல் மண்வெட்டிக் கட்டையால் ஒரே போடு. கலகம் வந்துவிடுமோ என்று பயந்த பட்டத்தரசி, அந்தத் தோட்டக்காரரையே ரகசியமாக அரண்மனைக்குள் கொண்டுவந்து சிம்மாசனத்தில் உட்கார வைத்துவிட்டார். நியவுங்-ஊ சாரஹன் என்று பெயர். கம்போடியாவிலும் இதே வெள்ளரிக்காய்க் கதை உண்டு, எனவே ராமனுக்கு வேலை மிச்சம்.

பச்சைமிளகாய்

நம்ம ஊரில் மாங்காய் திருடினால் கட்டி வைத்து அடிப்பார்கள். அங்கே அடித்தவருக்கு நாட்டையே கொடுத்திருக்கிறார்கள்.

மழைக்குருவி

ஒரு கேள்வி, கொஞ்சம் விலகிப் போகிறது. ராஜேந்திர சோழன் காலமும் பகான் காலமும் ஒன்றுதானே? தமிழர் தொடர்பு ஏதாவது இந்த வாரிசு விஷயத்தில் உண்டா?

ஆற்றங்கரை

வாரிசு விஷயத்தில் நேராக இல்லை. பகானுக்குத் தெற்கே கிடைத்த ஒரு கல்வெட்டில் தமிழ் இருக்கிறது. மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்துக் குலசேகர நம்பி என்பவர், நானாதேசி விண்ணகர் என்ற திருமால் கோயிலுக்கு மண்டபம் கட்டி விளக்கு வைத்ததைச் சொல்லும் 13-ஆம் நூற்றாண்டுக் கல். வணிகர் சங்கதி, அரண்மனை சங்கதி இல்லை. சான்சித்தா என்ற பகான் மன்னர் ஒரு சோழ இளவரசனைப் பௌத்தத்துக்கு மாற்றியதாகத் தன் கல்வெட்டில் பெருமையடித்திருக்கிறார். எந்தச் சோழன் என்று பெயர் போடவில்லை. நாம் கோபப்பட வழியில்லாமல் செய்துவிட்டார்.

ஆனால் சான்சித்தா என்று பேச்சு வந்ததால் ஒன்று. பகான் வரிசையில் எனக்குப் பிடித்த வாரிசு, வாரிசாக ஆகாதவர்தான். சான்சித்தா 1084-இல் பட்டத்துக்கு வந்தார். ஒரே மகளுக்குப் பிள்ளை பிறந்ததும் சந்தோஷத்தில் பேரனே ராஜா, நான் அவனுக்காக ஆள்பவன் என்று அறிவித்துவிட்டார். அப்புறம் ஒரு பெண் ஏழு வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து ஒரு மோதிரத்தைக் காட்டினாள். காட்டில் தலைமறைவாக இருந்த காலத்தில் அவர் கொடுத்த மோதிரம். நம்ம சகுந்தலையேதான். சொந்த மகன். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான், பட்டம் பேரனுக்கு. மகன் ராஜகுமாரனுக்கு ஒரு மாகாணம்.

பையன் கலகம் செய்யவில்லை. அப்பா மரணப் படுக்கையில் இருந்தபோது தங்கத்தில் ஒரு புத்தர் சிலை செய்து கொண்டுபோய்க் காட்டினான். அதைக் குறித்து ஒரு கல்லில் பாலி, பியூ, மோன், பர்மியம் என நான்கு மொழியில் வெட்டி வைத்தான். மியாசேதிக் கல்வெட்டு, 1113. பியூ மொழி செத்துப்போய் யாராலும் படிக்க முடியாமல் கிடந்தது, இந்தக் கல்லை வைத்துத்தான் படித்தார்கள். பட்டம் கிடைக்காதவன் விட்டுப்போனது இது. பட்டம் கிடைத்த பேரன் அலவுங்சித்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆண்டு, நோயில் கிடந்தபோது சொந்த மகன் நரத்துவால் போர்வையில் அமுக்கிக் கொல்லப்பட்டார்.

ரயில்பூச்சி

அந்த நரத்து கட்டிய தம்மயான்ஜி கோயிலுக்குள் போயிருக்கிறேன். பகானிலேயே பெரியது. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே என் ஏடிஎம் கார்டை நுழைக்கப் பார்த்தேன், நுழையவில்லை. ஊசி நுழைந்தால் கொத்தனார் கையை வெட்டுவார் என்று கதை. உள்சுற்றுப் பாதை முழுக்கச் செங்கல் போட்டு அடைத்திருக்கிறது, ஏன் என்று யாருக்கும் தெரியாது. வௌவால் நாற்றம் தாங்கவில்லை.

நெறியாளர்

பயணக் கட்டுரைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. வௌவாலை அங்கே கொண்டுபோகவும். வாரிசு விஷயம் தொடரட்டும்.

சந்தேகராமன்

நான் ஒரு கேள்வி கேட்கிறேன். அப்பனைக் கொன்றவன், அண்ணனைக் கொன்றவன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனால் பர்மியர்கள் இயல்பிலேயே கொடூரமானவர்கள் என்ற எண்ணம்தான் வரும். வெள்ளைக்காரன் எழுதியதும் அப்படித்தான். காரணம் வேறு எங்கோ இருக்க வேண்டும்.

ஆற்றங்கரை

நல்ல கேள்வி. காரணம் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு ராஜாவுக்குப் பல ராணிகள், பல பிள்ளைகள். அத்தனை பேர் உடம்பிலும் ராஜ ரத்தம். மூத்தவனுக்கே என்ற சட்டம் கிடையாது. ராஜா ஒருவரை 'எயின்ஷே மின்' ஆக்குவார், நம் வழக்கில் இளவரசு. முன்வீட்டு அதிபதி என்று அர்த்தம். அவர் மகனாக இருக்கலாம், தம்பியாக இருக்கலாம். ஆனால் அந்த நியமனம் ராஜாவின் மூச்சு இருக்கும்வரைதான் உறுதி.

இதை எப்படிச் சமாளிப்பது என்று ஒவ்வொரு வம்சமும் ஒரு வழி தேடியது. தவுங்கூ வம்சத்தின் பெரிய மன்னர் பயின்னவுங், தம்பிகளையும் மகன்களையும் பெரிய ஊர்களுக்கு அதிபதிகளாக அனுப்பினார். ஆவா, பியே, தவுங்கூ, சியாங்மாய் என்று ஆளுக்கு ஒரு சிம்மாசனம், ஆளுக்கு ஒரு படை. அவர் உயிரோடு இருந்தவரை (1581) எல்லாரும் வணங்கினார்கள், ஏனென்றால் அவர் பயின்னவுங். (இந்தப் பெயரும் முறைதான்: 'ராஜாவின் அண்ணன்'. உண்மையில் அண்ணன் இல்லை, முந்தைய மன்னர் தபின்ஷ்வேதியின் சகோதரியின் புருஷர்.) மகன் நந்தபயின் ஏறியதும் மூன்றே வருஷத்தில் ஆவாவில் இருந்த சித்தப்பா கலகம். யானை மேல் நேருக்கு நேர் சண்டை போட்டு அடக்கினார். 1593-இல் பட்டத்து இளவரசன் சயாமில் அந்நாட்டு மன்னர் நரேசுவனோடு நடந்த சண்டையில் செத்தான். 1595-இல் பியேவில் வைத்திருந்த சொந்த மகனே பிரிந்து போனான். 1599-இல் தலைநகர் பெகு போயிற்று. அடுத்த வருஷம் தவுங்கூவில் சிறை வைத்த இடத்திலேயே கொன்றுவிட்டார்கள்.

இதைப் பார்த்துப் பாடம் படித்தவர் தாலுன், 1629 முதல் 1648 வரை ஆண்டவர். இளவரசர்கள் யாரும் ஊர்ப்பக்கம் போய்க் குடியிருக்கக் கூடாது, எல்லாரும் தலைநகரில் என் கண் முன்னால் இருக்க வேண்டும் என்றார். ஊரின் வருமானம் உனக்கு வரும், ஊர் ஆளுவது என் அதிகாரி. அதற்கப்புறம்தான் ஊரைத் தின்பவன் ஊரைப் பார்க்காமலே தின்ன ஆரம்பித்தான். மாகாணங்கள் பிய்த்துக்கொண்டு போவது குறைந்தது. ஆனால் படையோடு தொலைவில் இருந்த போட்டியாளர்கள் அத்தனை பேரும் இப்போது ஒரே மதிலுக்குள். நாட்டில் நடந்த போர் வீட்டுக்குள் வந்துவிட்டது.

சந்தேகராமன்

இதை முதல் பதிவிலேயே போட்டிருக்கலாமே ஐயா. ஒப்புக்கொள்கிறேன்.

மழைக்குருவி

தீபா மன்னர் தன் தங்கையையே கட்டிக்கொண்டதாகப் படித்தேன். உண்மையா? படிக்கவே ஒரு மாதிரி இருந்தது.

வெற்றிலைப்பெட்டி

உண்மை. அப்பா ஒருவர், அம்மா வேறு. நமக்கு அத்தை மகள், மாமன் மகள் முறை. அவர்களுக்கு அரண்மனைக்குள் மட்டும் இது முறை, வெளியே சாதாரண ஜனங்கள் செய்வதில்லை. காரணம் இதே வாரிசுச் சண்டைதான். பத்துப் பதினைந்து பேர் ராஜ ரத்தம் என்று நிற்கும்போது, அப்பா அம்மா இரண்டு பக்கமும் ராஜ ரத்தம் உள்ள பிள்ளைக்கு எடை கூடும். ராஜாவின் ஒரு மகளைக் கல்யாணம் செய்து கொடுக்காமலே வைத்திருப்பார்கள், அடுத்து யார் ராஜாவோ அவருக்கு ராணியாக. 'தபின்டைங்' இளவரசி என்று பெயர். ஒற்றைத் தூண். மாப்பிள்ளை யார் என்று தெரியாமலே நிச்சயமான பெண்.

என் பாட்டி ரங்கூனில் பிறந்தவர். தீபா கட்டிய அந்தத் தங்கை, சுபயாலத் ராணி பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார், ஏதோ தெருவில் வசிக்கிற பொல்லாத மாமியைப் பற்றிச் சொல்வது மாதிரி.

கணக்குப்பிள்ளை

கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டோம். மின்டொன்னிலிருந்து தீபாவுக்குப் போகும் கோட்டை யாராவது விளக்குங்கள். மின்டொன்னுக்கு நூற்றுக்கு மேல் பிள்ளைகள், அத்தனை பேரில் தீபா எப்படி? என் பேப்பரில் இடமே இல்லை.

ஆற்றங்கரை

அதற்கு 1853-இல் தொடங்க வேண்டும். இரண்டாம் ஆங்கிலேயப் போரில் கீழ்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனதும், மின்டொன்னும் கூடப் பிறந்த தம்பி கனவுங்கும் சேர்ந்து பகான் மின்னை இறக்கினார்கள். கொல்லவில்லை. அவர் 1881 வரை உயிரோடிருந்தார், தன்னை இறக்கியவர் செத்ததையும் பார்த்துவிட்டுத்தான் போனார். மின்டொன் தம்பியை இளவரசு ஆக்கினார். கனவுங் தொழிற்சாலை, துப்பாக்கி, நீராவி இயந்திரம் என்று ஓடியாடி வேலை செய்தவர். மின்டொன்னின் வளர்ந்த மகன்களுக்கு இது பிடிக்குமா? 1866 ஆகஸ்ட் 2, மிங்குன், மிங்கொன்டைங் என்ற இரண்டு மகன்கள் சித்தப்பாவை வெட்டிக் கொன்றார்கள். அப்பாவையும் தீர்த்திருப்பார்கள், அவர் தப்பினார். மிங்குன் இளவரசன் பிரிட்டிஷ் பகுதிக்கு ஓடி, பிறகு சந்திரநாகூர், நம்ம புதுச்சேரி என்று பிரெஞ்சுக்காரர் இடங்களில் சுற்றிக் கடைசியில் சைகோன் போய்ச் சேர்ந்தான்.

அதற்கப்புறம் மின்டொன் வாரிசே நியமிக்கவில்லை. யாரை நியமித்தாலும் அவனுக்குக் கழுத்துக்குக் கத்தி என்பது அவருக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷம் அப்படியே விட்டார்.

1878-இல் அவர் படுக்கையில் விழுந்தபோது முடிவெடுத்தது சின்பியுமாஷின் ராணி. இந்த அம்மா யார் தெரியுமா? பெரியப்பா பாஜிடாவின் மகள். 1837-இல் தாராவடி அண்ணனை இறக்கியபோது பாஜிடாவை உயிரோடு விட்டார், ஆனால் பாஜிடாவின் மகன் செக்யா இளவரசனையும், சின்பியுமாஷினின் அம்மா மே நூ ராணியையும் கொன்றார். தாராவடியின் மகன்தான் மின்டொன். அம்மாவைக் கொன்றவரின் மகனுக்கு ராணியாகி, அந்த வீட்டில் நாற்பது வருஷம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் இவர். அடுத்த தடவை யார் அடிப்பார்கள், யார் அடிபடுவார்கள் என்பதில் இவருக்குக் குழப்பமே இருந்திருக்காது.

அவருக்கு மகன் இல்லை, மூன்று மகள்கள். எனவே மருமகன் வேண்டும், சொன்னபடி கேட்கிற மருமகன். தீபா அதற்குத் தோதானவர். அம்மா அரண்மனையிலிருந்து விலக்கப்பட்டவர், பின்னால் கட்சி கிடையாது. மடத்தில் படித்து பாலித் தேர்வு பாஸ் செய்த பையன். கின்வுன் மின்ஜி என்ற மூத்த அமைச்சருக்கும் சம்மதம்: ஐரோப்பாவுக்குப் போய் வந்தவர், பொம்மை ராஜா இருந்தால் மந்திரிசபை ஆளலாம் என்று கணக்குப் போட்டார். அப்பா பார்க்க ஆசைப்படுகிறார் என்று மற்ற இளவரசர்களை அழைத்து, வந்தவர்களைப் பிடித்துப் பூட்டினார்கள். நியவுங்யான், நியவுங்ஓக் என்ற இரண்டு பேர் மட்டும் சந்தேகப்பட்டு பிரிட்டிஷ் தூதரகத்துக்குள் ஓடித் தப்பினார்கள்.

பிப்ரவரி 1879-இல் பூட்டி வைத்தவர்களைக் கொன்றார்கள். ஏறக்குறைய 80 பேர். பெண்கள், குழந்தைகள் உட்பட. ராஜ ரத்தம் மண்ணில் சிந்தக் கூடாது என்பது பழைய வழக்கம், அதனால் பையில் கட்டித் தடியால் அடித்தார்கள். உள்ளே சத்தம் கேட்காமல் இருக்க வெளியே பாட்டுக் கச்சேரி வைத்ததாகச் சொல்வார்கள்.

சந்தேகராமன்

இதை வைத்துத்தான் லண்டன் பத்திரிகைகள் காட்டுமிராண்டி ராஜா என்று எழுதித் தள்ளின. ஆனால் அதற்காகப் படை வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆறு வருஷம் சும்மா இருந்தவர்கள், 1885-இல் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி வெட்டிய தேக்கு மரத்துக்கு மாண்டலேயில் இருந்த தீபாவின் அரசு அபராதம் போட்டதும், பிரெஞ்சுக்காரர் உள்ளே வந்துவிடுவாரோ என்ற பயம் வந்ததும்தான் கிளம்பினார்கள். இரண்டு வாரத்தில் முடித்துவிட்டார்கள்.

ஆற்றங்கரை

ஆமாம். தப்பிப்போன நியவுங்யானைக் கொண்டுவந்து உட்கார வைக்கலாம் என்ற பேச்சுகூட இருந்தது. அவர் அதற்குள் இறந்துவிட்டார். பொம்மையாக வைக்கத் தோதான ஆட்களில் பெரும்பாலோரை 1879-லேயே கொன்றாயிற்று.

வெற்றிலைப்பெட்டி

போன வருஷம் கொங்கண் பக்கம் போனபோது ரத்தினகிரியில், ஆங்கிலேயர் தீபாவை நாடுகடத்தி வைத்திருந்த ஊரில், அவருடைய அரண்மனையைப் பார்த்தேன். சிவப்பு நிறம், கடலைப் பார்த்து உயரத்தில் நிற்கிறது. 1910-இல் கட்டி முடித்தது. ஆறு வருஷம்தான் இருந்தார், 1916-இல் இறந்தார். சமாதி ஊருக்குள் குடியிருப்புகளுக்கு நடுவில் இருக்கிறது. நான் போன அன்று பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். யாருடையது என்று கேட்டேன். "பர்மா ராஜா" என்று சொல்லிவிட்டுப் பந்தை எடுக்க ஓடினான் ஒருவன்.

கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் சார்ட்டுக்கு ஒன்று. மாண்டலேயிலிருந்து நேராக ரத்தினகிரிக்கு அவர்களைக் கொண்டுபோகவில்லை. முதலில் மதராஸ்தான் கொண்டுவந்தார்கள், டிசம்பர் 1885. சில மாதம் இங்கே வைத்திருந்துவிட்டுத்தான் ஏப்ரலில் கப்பல் ஏற்றினார்கள். சுபயாலத்தின் மூன்றாவது மகள் அந்த இடைவெளியில் பிறந்தாள். மதராஸில், மார்ச் 1886.

கணக்குப்பிள்ளை

இதை எதிர்பார்க்கவே இல்லை. ராத்திரி பத்தரை மணிக்கு எழுந்து போய்ப் பேப்பர் அடியில் இன்னொரு பேப்பர் ஒட்டினேன். தீபாவுக்குக் கீழே நான்கு மகள்கள். மூன்றாவது கட்டத்தில் 'பிறப்பு: மதராஸ், 1886' என்று கறுப்பு மையில் எழுதியாயிற்று.

நாளை படம் எடுத்து ஏற்றுகிறேன். ஒன்றுதான் பாக்கி. பகான் பக்கத்தையும் சேர்க்கலாம் என்று மேலே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். வெள்ளரிக்காய்க்காரருக்குக் கட்டம் போடவா வேண்டாமா?

சந்தேகராமன்

போடுங்கள். பென்சிலில்.